மிளகு பழகிய கதை

நாய்க்குட்டி வந்த நான்காம் நாள் காலை ஆறே முக்கால் மணி. அத்தை அப்போதுதான் விளக்கேற்றிவிட்டுத் தன் அறைக்குப் போயிருந்தார். பூசை அலமாரிக்கு ஒரு முழம் தள்ளி, நடுக்கூடத்தில், மிளகு உட்கார்ந்து சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து அதைப் பார்த்த நான், "சீ! மிளகு! அங்கேயா?" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தேன். அவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். காதைப் பின்னுக்கு மடித்து, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு, ஈரக் காலோடு சோபாவுக்கு அடியில் போய்ப் பதுங்கினாள். நான் கத்தியது ஐந்து விநாடிகூட இருக்காது. அதைச் சரிசெய்ய எங்கள் வீட்டுக்கு மூன்று வாரம் ஆனது.

குட்டி வளர்க்க ஆசைப்படும் தோழிகள் "எத்தனை நாள்ல பழகும்?" என்று கேட்டால் நான் இந்தக் காலையைத்தான் முதலில் சொல்கிறேன்.

மிளகு 'சிங்கப்பூர் ஸ்பெஷல்'. சிங்கப்பூர்த் தெருநாய் வம்சத்துக்கு இங்கே அன்பாக வைத்திருக்கும் பெயர் அது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்க வேண்டும். உள்ளூர்க் கலப்பினக் குட்டிகளுக்கு அந்தப் பட்டியலில் இடமே இருந்ததில்லை. 2012-இல் 'புராஜெக்ட் அடோர்' திட்டம் தொடங்கிய பிறகுதான், விலங்குநல அமைப்புகள் மூலம் அவற்றையும் வீவக வீட்டுக்குக் கொண்டுவர வழி பிறந்தது. 2020-இல் உயர வரம்பை 55 சென்டிமீட்டராக உயர்த்தி, எடை வரம்பை எடுத்துவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய கதவு. கருத்தடை, மைக்ரோசிப், அடிப்படைப் பயிற்சி வகுப்பு எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டுதான் குட்டியை வாங்க முடியும். உரிமமும் கட்டாயம். மூன்று மாதம் தாண்டிய எந்த நாய்க்கும் அது வேண்டும். வளர்ந்த நாய்க்குக் கருத்தடை செய்திருந்தால் ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாவிட்டால் 90 வெள்ளி.

செங்காங்கில் பதினோராவது மாடியில் நாலறை வீடு எங்களுடையது. நான், என் கணவர், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன், எழுபத்திரண்டு வயது அத்தை. அத்தைக்கு நாய் வேண்டாம். அதை அவர் மறைக்கவில்லை. "வெள்ளி செவ்வா விளக்கு வைக்கிற வீடும்மா இது" என்றார். மகன் இரண்டு வருடம் கெஞ்சியதால் ஒத்துக்கொண்டார், கூடத்துக்கு வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போகிறவர் அவர்தான் என்பதை நாங்கள் மூவரும் அப்போது யோசிக்கவே இல்லை. குட்டி எடுக்கும் முன் முதலில் சம்மதம் கேட்க வேண்டியது பகலில் வீட்டில் இருப்பவரிடம். "சரி, வச்சுக்கங்க" என்பது போதாது. "நானும் பார்த்துக்கறேன்" என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

பத்து வாரக் குட்டியாக வந்தாள். கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. வளர்த்துக் கொடுத்த வீட்டிலிருந்து, அவள் கூடப்பிறந்தவற்றோடு படுத்திருந்த துண்டு ஒன்றைத் துவைக்காமல் வாங்கி வந்தோம். அது நல்ல யோசனை. முதல் இரவு அந்தத் துண்டுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டுதான் கொஞ்சமாவது தூங்கினாள்.

ஆனால் முதலில் செய்தது தவறு. குட்டியின் கூண்டைச் சமையலறையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, நாங்கள் அறைக்குள் போய்விட்டோம். பதினொரு மணிக்கு அழத் தொடங்கினாள். நாய் அழுவதுபோல் இல்லை அது. பிள்ளை அழுவதுபோலவே இருந்தது. "போய்ப் பார்த்தா அதே பழக்கமாயிடும், விட்டுடு" என்று யாரோ சொன்னதை நம்பி அரை மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தோம். கீழ்வீட்டு அங்கிள் மறுநாள் மின்தூக்கியில், கோபமில்லாமல்தான், "பேபியா?" என்று கேட்டார். இரண்டாம் இரவு நான் பாயை விரித்துக் கூண்டுக்குப் பக்கத்திலேயே படுத்தேன். கம்பி இடைவெளியில் இரண்டு விரலை விட்டு வைத்திருந்தேன். அவள் அதைக் கொஞ்சம் நக்கினாள், மோந்து பார்த்தாள், அப்படியே தூங்கிவிட்டாள். ஒரு வாரம் அங்கேயே படுத்தேன். அடுத்த வாரம் பாயை இரண்டடி இரண்டடியாக அறைப் பக்கம் நகர்த்தினேன். பிறந்ததிலிருந்து ஒரு கூட்டத்தின் சூட்டில் கிடந்த உயிர் அது. ஒரே நாளில் தனியாகப் படு என்றால் எப்படிப் படுக்கும்? பக்கத்தில் படுத்தால் கெட்டுப்போகும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பயம் தெளிந்த குட்டிதான் தனியாகத் தூங்கக் கற்றுக்கொள்கிறது.

பக்கத்தில் படுத்ததில் இன்னொரு நன்மை. இரவு இரண்டு மணிக்கு அவள் நெளிய ஆரம்பித்தால் தெரிந்துவிடும். குட்டி எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்வார்கள்: வயது மாதத்தோடு ஒன்றைக் கூட்டிக்கொள். இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம். அது தூங்கும்போது, அதிகபட்சமாக. விழித்து ஓடியாடும்போது அரை மணிக்கு ஒரு தரம்கூட வரும். இரவு எழுப்பிக் கொண்டுபோகும்போது விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், விளையாடாமல், காரியம் முடிந்ததும் ஒரு சின்னத் தின்பண்டம், மறுபடி படுக்கை. நான்கு மாதம் நெருங்கும்போது விடியும் வரை தூங்கப் பழகிவிட்டாள்.

இனி, அவள் சிறுநீர் கழிக்க வைத்த தட்டு விஷயம். பதினோராவது மாடியிலிருந்து ஒவ்வொரு முறையும் கீழே தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஓடினாலும் மின்தூக்கி வருவதற்குள் முடிந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் தடுப்பூசி. முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில், பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை போகும். அது முடியும் முன் மற்ற நாய்கள் நடந்த புல்லில் காலை வைத்தால் பார்வோ போன்ற கிருமி தொற்றிக்கொள்ளும். குட்டிகளைக் கொல்லும் நோய் அது. அதனால் இங்கே மாடி வீடுகளில் பெரும்பாலோர் முதலில் வீட்டுக்குள்ளேயே ஓர் இடத்தைப் பழக்குகிறார்கள். எங்கள் திட்டம்: முதலில் கூண்டைச் சுற்றிய அடைப்புக்குள் கிராதி போட்ட ஒரு தட்டு, பிறகு அதை மெல்ல நகர்த்தி, சமையலறையை ஒட்டிய பொதுக் குளியலறைக்குள் கொண்டுபோவது. கடைசியில் தட்டே இல்லாமல் குளியலறைத் தரை; ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும்.

தட்டில் விரிக்க என் கணவர் பழைய நாளிதழ்களை எடுத்து வந்தார். வீட்டில் தமிழ் முரசு சேர்ந்து கிடந்தது. அத்தை பார்த்துவிட்டு அப்படியே பிடுங்கினார். "எழுத்து மேலயா? காலு பட்டாலே கண்ணுல ஒத்திக்கிற பொருள்டா" என்றார். எனக்கும் மனம் ஒப்பவில்லை. அன்றே போய்ப் பஞ்சு விரிப்பு ஒரு கட்டு வாங்கினேன். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, காலில் ஒட்டவில்லை. காசு போனாலும் நல்லதாயிற்று. நாளிதழில் பழகிய குட்டி, பிறகு தரையில் கிடக்கும் எந்தக் காகிதத்திலும் போகும் என்று பயிற்சியாளர் பின்னால் சொன்னார். மகனின் பள்ளிக்கூடத் தாள்கள் கூடத்துத் தரையில் இறைந்து கிடக்கும் வீடு இது.

முதல் மூன்று நாள் பாதிக்குப் பாதி சரியாக வந்தது. நான்காம் நாள்தான் நான் கத்தினேன்.

அன்று முழுக்க அவள் எங்கேயும் சிறுநீர் கழிக்கவில்லை என்று நினைத்தோம். தட்டில் கொண்டுபோய் விட்டால் என் முகத்தைப் பார்ப்பாள், அசையாமல் நிற்பாள். இறக்கிவிட்டால் போய்விடுவாள். ஐந்தாம் நாளும் அப்படியே. "அடக்கக் கத்துக்கிட்டா" என்று மகனுக்குச் சந்தோஷம். ஏழாம் நாள் மாலை, சன்னல் திரைச்சீலையைக் கழற்றித் துவைக்கப் போனபோது மூலையில் ஒரு மஞ்சள் வட்டம், பக்கத்தில் காய்ந்துபோன இன்னொன்று. சோபாவை நகர்த்தினால் அதன் பின்னால் மூன்று இடம். துணி உலர்த்தும் கூடைக்குப் பின்னால் ஒன்று.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. 'இந்த இடத்தில் போகாதே' என்று நான் சொன்னதாக நினைத்தேன். அவளுக்குக் கேட்டதோ 'அம்மா பார்க்கும்போது போகாதே' என்று. இடம் தவறு என்பது ஒரு குட்டிக்கு எப்படித் தெரியும்? பளிங்குத் தரை எல்லாம் ஒரே தரைதான் அதற்கு. போகும்போது யார் கத்தினார் என்பது மட்டும்தான் பதியும். மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பது, செருப்பைக் காட்டுவது, நடந்து முடிந்த பிறகு இழுத்துக்கொண்டு போய்க் காட்டித் திட்டுவது — இதெல்லாம் ஊரில் எல்லோரும் செய்ததுதான், நானும் சின்ன வயதில் பார்த்ததுதான். எதுவும் இடத்தைக் கற்றுக்கொடுப்பதில்லை. ஒளியத்தான் கற்றுக்கொடுக்கின்றன. ஒளிந்து போகிற குட்டியைப் பாராட்டவும் முடியாது, ஏனென்றால் சரியான இடத்தில் போவதையும் அது நம் கண்முன் செய்யாது.

வழி காட்டியது அத்தை. எட்டாம் நாள் நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். மாலை வீட்டுக்கு வந்தபோது, அத்தை குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அடைப்புக் கதவு திறந்திருந்தது. மிளகு தட்டின்மேல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை உதட்டைக் குவித்து, மெல்ல, மூச்சு விடுவதுபோல், "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்..." என்றார்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் மகனைக் கைக்குழந்தையில் காலிரண்டின் மேல் உட்கார வைத்து அவர் செய்தது அதே சத்தம். நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாகப் பாட்டிமார்கள் பிள்ளைகளுக்குச் செய்த சத்தம்! மிளகு பின்காலைத் தாழ்த்தினாள். அத்தை அசையவில்லை, கொஞ்சவில்லை. முடிந்த பிறகுதான், "என் ராசாத்தி" என்று சொல்லி, மடியிலிருந்து ஒரு துண்டு அவித்த கோழி எடுத்து நீட்டினார். விளக்கு வைக்கிற கையால் கோழி எடுத்துக் கொடுத்தது அந்தக் குட்டிக்காகத்தான்.

"எப்படி அத்தை தெரிஞ்சது அவளுக்கு வருதுன்னு?" என்று கேட்டேன்.

"பிள்ளை பெத்தவளுக்குத் தெரியாதா? விளையாடிக்கிட்டே இருக்கும், திடீர்னு பொம்மையை அப்படியே போட்டுட்டு நடக்கும். மூக்கைத் தரையோட தரையா வச்சுக்கிட்டு ரெண்டு சுத்து. அவ்வளவுதான், தூக்கிடணும்."

பயிற்சி வகுப்பில் பின்னால் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுவேதான். அறிகுறியைப் பார், முன்னாலேயே கொண்டுபோ, போகும்போது ஒரே சொல்லைச் சொல், முடிந்த இரண்டு மூன்று விநாடிக்குள் பரிசு கொடு. தாமதித்துக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. அடுப்படிக்குப் போய்த் தேடி எடுத்து வருவதற்குள் காலம் கடந்துவிடும். அதனால் குளியலறை வாசலிலேயே ஒரு டப்பா மாட்டினோம். சொல்லை நாங்கள் தனியாகத் தேடவில்லை, அத்தையின் 'ஸ்ஸ்ஸ்' இருந்தது. முதலில் அவள் போய்க்கொண்டிருக்கும்போது மட்டும் அதைச் சொல்ல வேண்டும். போகாதபோது சொல்லிக்கொண்டே இருந்தால் அது வெறும் சத்தமாகிவிடும். இரண்டு வாரம் அப்படிச் சேர்த்துச் சொன்ன பிறகு, சத்தம் கேட்டதும் போக ஆரம்பித்தாள்.

மகன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் குளிர்பதனப் பெட்டியில் கட்டித் தொங்கவிட்டான். தூங்கி எழுந்தது, சாப்பிட்டது, சிறுநீர், மலம், எந்த இடம், எத்தனை மணி. மூன்று நாள் எழுதியதும் அவளுடைய நாள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கண் விழித்ததும் உடனே. சாப்பிட்டுக் கால் மணி நேரத்துக்குள் மலம். விளையாடினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறுநீர். மாலை ஐந்திலிருந்து ஏழு வரைதான் தவறுகள் அதிகம். ஏனென்றால் அப்போதுதான் எல்லோரும் வீட்டுக்கு வருகிறோம், அவளுக்கு உற்சாகம் தாங்காது, நாங்களோ சமையலிலும் வீட்டுப்பாடத்திலும் மூழ்கிவிடுகிறோம். அந்த இரண்டு மணி நேரம் அவளை ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். யாராலும் முடியாவிட்டால் அடைப்புக்குள். வீடு முழுக்க ஓடும் சுதந்திரத்தை, தவறு இல்லாத நாட்கள் கூடக் கூட, ஓர் அறை ஓர் அறையாகக் கொடுத்தோம். இவ்வளவு சீக்கிரம் வீட்டையே திறந்துவிட்டதுதான் முதல் வாரத்தில் நான் செய்த பெரிய பிழை என்று இப்போது நினைக்கிறேன்.

தரை துடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மூக்குக்கு மணம் போய்விட்டால் போயிற்று என்று நினைத்தோம். அவள் மூக்குக்கு அது போகவே இல்லை. சோபாவுக்குப் பின்னால் அதே இடத்தைத் தேடித் தேடிப் போனாள். அம்மோனியா கலந்த திரவம் இன்னும் மோசம், அதன் வாடையே சிறுநீர்போல இருக்கும். பினாயில் வகைகள் குட்டியின் பாதத்துக்கும் நாக்குக்கும் ஆகாது. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம்தான் பலன் தந்தது. அதையும் ஊற்றியவுடன் துடைத்துவிடக் கூடாது. முதலில் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, திரவத்தைத் தாராளமாக ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

மிதியடிகளையும் சுருட்டி வைத்தோம். பஞ்சு விரிப்பின் மெத்தென்ற தன்மை காலுக்குப் பழகிவிட்டதால், குளியலறை வாசல் மிதியடியும், பூசை அலமாரிக்கு முன் அத்தை உட்காரும் கம்பளமும் அவளுக்கு விரிப்பாகவே தெரிந்தன. நான்காம் நாள் காலை அவள் அங்கே போனதற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும். அந்தக் கம்பளத்தின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் கற்றுக்கொண்டதைத்தான் செய்திருக்கிறாள். நினைக்கும்போது இன்றும் மனசு கனக்கிறது.

தட்டைக் குளியலறைக்கு நகர்த்துவதில் அவசரப்பட்டுவிட்டோம். ஐந்தாவது வாரம், எல்லாம் நன்றாகப் போகிறதென்று, ஒரே நாளில் தட்டைத் தூக்கி உள்ளே வைத்தோம். மிளகு தட்டு முன்பு இருந்த வெறும் தரையில் போய் ஒழுங்காக உட்கார்ந்து முடித்துவிட்டு, பரிசுக்காக அத்தையைப் பார்த்தாள். திட்டவில்லை, பரிசும் கொடுக்கவில்லை. துடைத்துவிட்டு, தட்டைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தோம். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு சாண். குளியலறை வாசலுக்கு வர மூன்று வாரம் பிடித்தது. உள்ளே நுழைவதில் இன்னொரு தடை: ஈரத் தரை. கால் நனைவதும் வழுக்குவதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் குளித்ததும் தண்ணீரைத் தள்ளிவிட்டு, மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பித் தரையை உலர்த்தினோம். வழுக்காத ரப்பர் பாய் ஒன்றைப் போட்டதும் தைரியமாக உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லும் வைத்தோம். ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்டால் அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டாள்.

அக்கம்பக்கத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மலாய் 'மக்சிக்', அதாவது அம்மா வயதுப் பெண்மணி. குட்டி வரும் முன்பே நானும் மகனும் போய்ச் சொன்னோம். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது முஸ்லிம்களான அவர்கள் வழக்கம். அதைத் தெரிந்துகொண்டு நடப்பது நம் கடமை. தாழ்வாரத்தில் மிளகைத் தூக்கிக்கொண்டுதான் நடப்போம். மின்தூக்கியில் யாராவது இருந்தால் கேட்டுவிட்டு ஏறுவோம், தயங்கினால் அடுத்ததற்கு நிற்போம். வாசலைக் கழுவும் தண்ணீர் அவர் வாசல் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்வோம். இப்போது மக்சிக் கதவருகில் நின்று "மிளாகு! சுடா மாக்கான்?" என்று சாப்பாட்டு விசாரணை செய்கிறார். தொடமாட்டார், ஆனால் அவளை விசாரிக்காமல் கதவைச் சாத்தவும் மாட்டார்.

தனியாக விடும் பழக்கத்தை முதல் வாரத்திலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். அத்தை எப்போதும் இருப்பார் என்ற நினைப்பில் விட்டுவிட்டோம். ஒரு நாள் அத்தை தேக்காச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போய் வர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. குரைப்பு மாடி முழுக்கக் கேட்டிருக்கிறது, அடைப்புக்குள் எல்லாம் கலங்கிக் கிடந்தது. பிறகு அரை நிமிடத்திலிருந்து தொடங்கினோம். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போவது, உடனே வருவது. அப்புறம் இரண்டு நிமிடம், ஐந்து, பதினைந்து. போகும்போதும் வரும்போதும் ஆர்ப்பாட்டம் இல்லாமல். உறையவைத்த கேரட் ஒன்றைக் கடிக்கக் கொடுத்தால் நாங்கள் போனதையே கவனிக்கமாட்டாள். பல் முளைத்து ஈறு நமநமவென்று இருந்த நாட்களில் அது இரட்டைப் பயன்.

தடுப்பூசி முடியும் வரை வெளியுலகத்தையே காட்டாமல் இருக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய பதினான்கு வாரம் வரை பார்ப்பதும் கேட்பதும்தான் ஒரு குட்டிக்கு ஆயுளுக்கும் இயல்பாகத் தோன்றும். மிளகைத் துணிப்பையில் மார்போடு கட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போவோம். காலைத் தரையில் வைக்க விடமாட்டோம். பேருந்து, சக்கர நாற்காலி, குடை விரிப்பது, காப்பிக் கடையில் தட்டுகள் மோதும் சத்தம் எல்லாம் அங்கிருந்தே பழகினாள். இடி மட்டும் மாடியிலேயே பழக்கம். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

ஊசி முடிந்து முதல்முறை புல்லில் இறக்கிவிட்டபோது, நாற்பது நிமிடம் நடந்தும் ஒன்றும் போகாமல், வீட்டுக்கு வந்து, ஓடிப்போய்க் குளியலறையில் போனாள். அவளுக்குப் புல் என்றால் என்னவென்றே தெரியாதே! உபயோகித்த விரிப்பு ஒன்றைப் பையில் கொண்டுபோய்ப் புல்லில் போட்டு, 'ஸ்ஸ்ஸ்' சொன்னதும் புரிந்துகொண்டாள். இப்போது இரண்டு இடமும் தெரியும். பை எடுத்துப் போவதும், மலத்தை அள்ளுவதும், கயிறு கட்டி நடத்துவதும் சட்டம். ஒரு புட்டித் தண்ணீரும் கொண்டுபோய்த் தூண் ஓரங்களில் ஊற்றிவிடுங்கள். நாய் வளர்ப்பவர்கள் மேல் வரும் பாதிக் கோபம் அந்த வாடையால்தான்.

ஐந்தரை மாத வயதில் திடீரென்று எல்லாம் கெட்டது. குளியலறைக்குப் போய் வந்த ஐந்தாம் நிமிடம் கூடத்தில் சொட்டுச் சொட்டாக. பழையபடி ஆகிவிட்டாளே என்று மகனுக்கு அழுகை. அத்தைதான் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இது பழக்கம் இல்லம்மா, நோவு. காலையிலேர்ந்து பன்னண்டு தடவை" என்றார். மருத்துவரிடம் கொண்டுபோனோம். சிறுநீர்த் தொற்று. பெட்டைக் குட்டிகளுக்கு அடிக்கடி வருவது. மருந்து முடிந்ததும் சரியாகிவிட்டாள். பழகிய குட்டி திடீரென்று தவறினால் முதலில் மருத்துவர், அப்புறம்தான் பயிற்சி.

அதேபோல், என் கணவர் இரவுப் பணி முடிந்து வந்ததும் அவர் காலடியில் இரண்டு சொட்டு விடுவாள். அது தவறு இல்லை, பணிவும் உற்சாகமும் கலந்த ஒன்று. குட்டிப் பருவத்தில் இருக்கும். அவர் குனிந்து மேலிருந்து தலையைத் தடவுவதை நிறுத்தி, உள்ளே வந்ததும் கண்ணைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு பக்கவாட்டில் மண்டியிட்டுக் கூப்பிடத் தொடங்கினார். அவளுக்கு ஏழு மாதம் ஆவதற்குள் நின்றுவிட்டது.

தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு எதுவும் நாய்க்கு ஆகாது. திராட்சை சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். அத்தை வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னார், "பிள்ளைக்கு ஒண்ணும் போடாதீங்க." வந்தவர்கள் எந்தப் பிள்ளை என்று தேடினார்கள்.

இந்தத் தை மாதம் அத்தை ஒரு கலியாணத்துக்காகக் கும்பகோணம் போனார், ஐந்து வாரம். முதல் நாள் காலை மிளகு குளியலறைக்குள் போய் நின்றாள். வாசலில் இருந்த முக்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் 'ஸ்ஸ்ஸ்' சொன்னேன், நகரவில்லை. இத்தனை மாதமும் பெரும்பாலும் அத்தைதான் சொல்லியிருக்கிறார், நாங்கள் சோம்பலில் விட்டிருக்கிறோம். வீட்டில் எல்லோரும் முதலிலிருந்தே அதே சத்தத்தை மாறி மாறிச் சொல்லியிருந்தால் இந்தத் தவிப்பு இருந்திருக்காது. மகன் வந்து முக்காலியில் உட்கார்ந்து, அவன் பாட்டியைப் போலவே உதட்டைக் குவித்து, மெதுவாகச் சொன்னான். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனாள்.

அன்று மாலை அத்தை காணொளியில் அழைத்தார். பின்னால் மேளச் சத்தம், யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னையும் பேரனையும் விசாரிக்கும் முன்னால் கேட்டார்:

"மிளகு காலையில போனாளா?"